மேனேஜர் ரூம் தெர்மாமீட்டர்

திருட்டுன்னு எழுதிக்காதீங்க சார். எடுத்தேன், அது உண்மை. மாடில மேனேஜர் ரூம் செவுத்துல மாட்டியிருந்த தெர்மாமீட்டர ஆணியோட புடுங்கிட்டு வந்து, கீழ எங்க அயர்ன் டேபிளுக்கு மேல மாட்டினேன். கம்பெனி பொருள் கம்பெனிக்குள்ளயேதான இருக்கு? இதுக்குப் பேரு திருட்டா?

சிரிக்காதீங்க. நீங்க வக்கீலு, கம்பெனி சார்பா விசாரிக்க வந்திருக்கீங்க, தெரியும். என் வேலை இருக்குமா போகுமான்னு உங்க பேனாதான் சொல்லப்போகுது. அதுக்காக நான் குழைய மாட்டேன்.

அந்த ரூம்ல ஏ.சி. ஓடுது சார். எப்பப் பாத்தாலும் இருபத்தாறு. வருஷம் பூரா அதான் தொழிற்சாலைச் சூடுன்னு ரிஜிஸ்டர்ல ஏறுச்சு. சட்டை வாங்குற கம்பெனிக்காரங்க கேட்டா அத நீட்டுவாங்க. கீழ வந்து பாருங்க. தலைக்கு மேல தகரம், பக்கத்துல ஸ்டீம் பைப்பு, நாப்பது பொம்பளைங்க. வெயிலும் வருஷத்துக்கு வருஷம் ஏறிட்டேதான போகுது? நான் மாட்டின அன்னிக்கு நாப்பத்தி மூணு காட்டுச்சு. ஒருத்தியும் ஆச்சரியப்படல.

அதே வாரம் வாங்குற கம்பெனி ஆளு வந்து நின்னான். கண்ணு நேரா அங்கதான் போச்சு. இத சரி பண்ணினாதான் அடுத்த ஆர்டர்னு சொல்லிட்டுப் போயிட்டான். மொதலாளிக்கு வந்துச்சு பாருங்க கோவம்! தொழில் மொதல்ல வளரட்டும், கூரை மண்ணாங்கட்டியெல்லாம் அப்புறம்னு குதிகுதின்னு குதிச்சாரு.

வளந்துச்சா இல்லையா, அவரையே கேளுங்க. ஆர்டர் போயிடுமேன்னு தகரத்துக்கு வெள்ள பெயிண்ட் அடிச்சாங்க. ஸ்டீம் பைப்ப சூடு வெளிய வராம சுத்தி மூடினாங்க. உச்சி வெயில் நேரம் அயர்ன் நிக்கும், பதிலுக்கு விடியக்காலைலயே ஆரம்பிச்சிடுவோம். பாய்லருக்கு ரெண்டு லோடு வெறகு எரிஞ்ச எடத்துல இப்ப ஒன்றரைதான். எதிர்வீட்டுக் கொடியில துணி கரி படியாம காயுது. முன்னாடியெல்லாம் மத்தியானம் ஆனா தலை சுத்தி, காலர கருக்கிடுவோம், சட்டை கட்டுக்கட்டா திரும்பி வரும். இப்ப ஒன்னு ரெண்டு வந்தா அதிசயம். புதுசா பத்து பேர வேற சேத்திருக்காங்க. வாசல்ல போர்டு பாத்தீங்கல்ல, பூமியக் காக்கும் தொழிற்சாலைன்னு? புது ஆர்டர் கையெழுத்தாகுற வரைக்கும் தெர்மாமீட்டரப் பத்தி ஒருத்தரும் கேக்கல. ஆச்சு, மறுநாளே என் கையில திருட்டு நோட்டீஸ். ஒரு மாசமா அந்த போர்டுக்கு அந்தப் பக்கம் என்னைய விடல சார்.

என்னது, மன்னிப்புக் கடிதமா? குடுத்தா உள்ள சேத்துக்குவாங்களா? எனக்கு இந்த வேலை வேணும் சார், எங்க வீட்டு அடுப்பு எரியறதே இதுலதான். ஆனா தப்பு பண்ணிட்டேன்னு என் கையால எழுத மாட்டேன். நான் பொய்யா எழுதின வரைக்கும் போதும்.

என்ன எழுதினேனா? அந்த ரிஜிஸ்டர எழுதினதே நான்தான சார். கையெழுத்து நல்லாருக்குன்னு என்கிட்ட குடுத்தாங்க. தெனம் மத்தியானம் மேல போவேன், இருபத்தாறுன்னு எழுதுவேன், எறங்கிடுவேன். அந்த ரெண்டு நிமிஷக் குளிருக்காகவே ஓடுவேன், மறைப்பானேன். போன கோடைல எனக்கு அஞ்சு மாசம். டேபிள்கிட்டயே மயங்கி விழுந்துட்டேன். ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சப்ப குழந்தை இல்ல. வேலை பாக்குற எடத்துல எவ்வளவும்மா சூடுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. இருபத்தாறுன்னு வாயில வந்துச்சு. தெனம் எழுதி எழுதிப் பழகின வாயி. அப்ப சூடு காரணமில்ல, கனமா எதையாவது தூக்கியிருப்பேன்னு சொல்லிட்டாங்க. எங்க மாமியாரு இன்னிக்கும் அதத்தான் சொல்லிக் காட்டுறாங்க, வீட்டுக்காரரும் அதையே நம்புறாரு. அந்த இருபத்தாறு பொய்யின்னு நானும் அவங்ககிட்ட இன்னும் சொல்லல சார். மொதல்ல உங்க காகிதத்துல ஏறட்டும், அப்புறம் வீட்டுல போய் சொல்லிக்கிறேன்.