உள்பக்கக் குமிழ்

— தோளால இடிச்சா கதவு திறக்காதுடா தம்பி, தோள்பட்டைதான் எறங்கும். உக்காரு.

— சாவி எங்கக்கா?

— என் பையில. பை கார்ல. வராண்டாக் காத்து வந்து கதவை அறைஞ்சு சாத்தும்னு நான் கனவா கண்டேன்? சனிக்கிழமை வேற, கட்டடத்துல ஈ காக்கா இல்ல. பூட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கேன்.

— எந்தப் பூட்டுக்காரர்?

— எனக்குத் தெரிஞ்சது ஒருத்தர்தான். நம்ம வெப்சைட் கட்டுற சாஃப்ட்வேர்ல சோதனைக்குன்னு முதல் வெப்சைட் கட்டினாரே, அவர்.

— அய்யோ, அவரையா!

— அவரையேதான். நாலு மாசமா ஒவ்வொரு பூட்டா படம் எடுத்துப் போட்ட மனுஷன். ‘போட்டது எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு இந்த சாஃப்ட்வேரை விட்டு வெளிய போக வழி இருக்கா’ன்னு கேட்டார். நீ ‘இல்லை’ன்னு ஒத்தை வார்த்தையில பதில் எழுதினே.

— இல்லதானேக்கா! முதல் நாள் போட்ட அஸ்திவாரமே அதுதான். உள்ள வர்றது சுலபம், வெளிய போறதுக்குப் பட்டனே கிடையாது. அதைக் கேட்டுத்தான் முதலாளி நம்மளைச் சேத்துக்கிட்டார்.

— அவர் சொன்ன யோசனையா அது?

— இல்ல. என்னோடது. வழி வச்சா எல்லாரும் போயிடுவாங்கக்கா. பிடிச்சு வைக்க நம்மகிட்ட அப்படி என்ன இருக்கு?

— இப்ப வச்சா?

— அடியிலேர்ந்து பிரிக்கணும். ரெண்டு மாசம். நாளை மறுநாள் வெளியீடு! தள்ளிப் போட்டா முதலாளி கம்பெனியை இழுத்து மூடிடுவார். நான் மட்டும் வெளியிலயா இருக்கேன்? நானும் மாட்டிக்கிட்டவன்தான்.

— மூச்சு முட்டுதுடா. ஆபீசுக்குன்னு ஜன்னல்கூட இல்லாத ரூமைப் பாத்துப் பிடிச்சே பாரு.

— அம்மா! உள்ள இருக்கீங்களா? பூட்டுக்காரன் வந்திருக்கேன்.

— இருக்கோம்ணே! வேற எங்க போறது!

— பொறுமைம்மா, பொறுமை. ஆண்டவன் இருக்கான். அடடே... இதை மாட்டின மகராசன் யாரு?

— நான்தாண்ணே.

— உள்ள வர வேண்டிய குமிழை வெளிய வச்சிட்டீங்களே தம்பி! போறவன் வர்றவன் திருகினா திறக்கும், உள்ள இருக்கிறவங்களுக்குச் சாவி வேணும். இந்தா, திறந்தாச்சு.

— அவ்வளவுதானா!

— அவ்வளவேதான். முதல்ல தண்ணி குடிங்கம்மா, முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு. நான் திருப்பி மாட்டிக் குடுத்துட்டே போறேன்.

— அண்ணே... நான் அப்படிப் பதில் எழுதியும் வந்தீங்களே.

— உள்ள மாட்டிக்கிட்டவங்க கூப்பிட்டா, பழசையா பேசிக்கிட்டு நிப்பாங்க?

— அக்கா, முதலாளிக்குப் போன் போடு. திங்கக்கிழமை வெளியீடு இல்ல.

— டேய், குதிப்பாருடா!

— குதிக்கட்டும். அண்ணே, ரெண்டு மாசம் பொறுத்துக்குங்க. உங்க படம், எழுத்து எல்லாத்தையும் உங்க கையில தர்றேன். எங்க வேணா கொண்டு போங்க.

— நான் எங்க தம்பி போறேன்னு சொன்னேன்? எந்த வீட்டுக்குப் பூட்டு மாட்டினாலும் நானே உள்ள போய்ப் பூட்டிக்கிட்டு, திறக்குதான்னு பாத்துட்டுத்தான் சாவியைக் குடுப்பேன். எங்க சங்கத்துல நாப்பது பூட்டுக்காரங்க. அவங்களையும் உங்ககிட்ட கூட்டிட்டு வரலாம்னுதான் அன்னிக்கு அந்தக் கேள்வியைக் கேட்டு உங்க கதவையும் திறந்து பாத்தேன்.