ஒரு மூலக்கூறு தள்ளுபடி

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. முதுகுக்கு இதம். ஆனால் உங்கள் இலாகா இதற்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கொடுத்திருக்கும். அரசாங்கத்துக்குப் பேரம் பேசத் தெரியாது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, வளர்ப்பு அப்படி.

எங்கள் வளர்ப்பு வேறு. மருத்துவர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினால் அப்பா நாலு நாளைக்குப் பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அந்த வீட்டுப் பிள்ளை நான். ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் கொள்முதல் என் கையில் இருந்தது. ஆய்வகம் என் தங்கை புருஷன் கையில். அவனை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். இப்போது உங்கள் காவலில் இருக்கிறானே, அவன்தான்.

ஹார்ட் டிஸ்குக்குள் பளபளவென்று ஒரு தட்டு சுழலும். அதன்மேல், பதிந்த தகவலைப் படிக்கும் தலை தொட்டும் தொடாமலும் பறந்துகொண்டே இருக்கும். தப்பித்தவறித் தொட்டால் தட்டு கீறிவிடாமல் இருக்கத்தான் மசகு பூசுகிறார்கள். எவ்வளவு கனம் என்று கேளுங்கள். தலைமுடியைக் குறுக்காக எண்பதாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளுக்கு நாங்கள் கண்ணுக்குத் தெரிந்த பணம் கொடுத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அது உறுத்தியது.

"மாப்பிள்ளை, இந்தக் கனத்துல கொஞ்சம் கொறைக்கலாமே" என்றேன்.

"மச்சான், அது ஒரே ஒரு மூலக்கூறு கனம்."

"சரி, ஒண்ணுங்கிறத முக்காலாக்கு."

"முக்கால் மூலக்கூறுன்னு ஒண்ணு கிடையாது மச்சான். நீங்க கடைக்காரன்கிட்ட பேசுறீங்க. இது கடைக்காரன் இல்ல."

சிரித்தான். ஆய்வகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபமில்லை. யாரிடம் பேசினால் இறங்கும் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

அவன் பொறுமையாக விளக்கவும் செய்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நல்ல மசகில் பாதி தட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருக்குமாம். மீதி அங்கேயே ஊர்ந்து திரியுமாம். தலை உரசி ஓரிடம் வெறுமையானால், திரிகிற பாதி மெல்ல வந்து அதை மூடிவிடும். புண் தானே ஆறுவதுபோல. பிடிக்கிற குணத்தை மட்டும் எடுத்துவிட்டால், மசகு முழுக்கத் திரிய ஆரம்பித்துவிடும். தட்டு சுழலச் சுழல ஓரத்துக்கு ஒதுங்கும், வெப்பத்தில் ஆவியாகும், தலையில் துளியாகத் தொற்றும். பிடிக்கிற குணத்துக்குத்தான் விலை என்றான். என் காதில் விழுந்தது அந்தக் கடைசி வாக்கியம்தான்.

தட்டைப் பிடிக்காத மசகுச் சரக்கு ஒரு வியாபாரியிடம் இருந்தது. பாதி விலைக்கும் கீழே இறங்கினார், மனிதர் தங்கமானவர். மாப்பிள்ளை சோதிக்க நல்ல சரக்கில் ஒரு புட்டி அனுப்பினேன். சோதித்துச் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தான். பிறகு வந்த புட்டிகளில் அந்தப் பழைய சீட்டையே ஒட்டச் சொன்னேன். வழவழவென்று இருந்ததால் புது டிஸ்குகள் முன்னைவிடச் சத்தமில்லாமல் ஓடின. நிர்வாகம் எனக்குச் சால்வை போர்த்தியது. மாப்பிள்ளைதான் முதலில் கை தட்டினான்.

அந்தச் சரக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் என்று நான் கனவா கண்டேன்? அவர்களும் விவரமானவர்கள். ஒன்று கெட்டால் இன்னொன்று காப்பாற்றட்டும் என்று எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வாங்கி வைத்திருந்தார்கள். இரண்டும் எங்களிடமே வாங்கியதுதான் பிசகு. கோடையில் ஒருநாள் அறையின் ஏசி நின்றது. மசகு போன தட்டில் தலை உட்கார்ந்தது. ஜோடி டிஸ்கும் கூடவே உட்கார்ந்தது. திரையில் முகவரி வரவில்லை. வண்டிகள் கழுவித் துடைத்தபடி முற்றத்தில் நின்றன. போனில் ஒரு பெண் வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டே இருந்தாளாம், அடையாளத்துக்குப் பச்சைக் கதவு என்று.

ஏழு பேர் என்று பத்திரிகையில் போட்டார்கள். அது பத்திரிகை சொல்லும் விலை. உட்கார்ந்து பேசினால் ஐந்துக்கு இறங்கும். அதிலும் இரண்டு பேர் வயதானவர்கள். வண்டி வந்திருந்தாலும் வழியில் போயிருப்பார்கள். நியாயமாகப் பார்த்தால் மூன்று.

மாப்பிள்ளை கெட்டுப்போன ஒரு டிஸ்கைத் திறந்து பார்த்துவிட்டு நேரே என் அறைக்கு வந்தான்.

"நான் பாத்த சரக்கு இது இல்லியே மச்சான்?"

"நீ பாத்தது வெறும் மாதிரி, மாப்பிள்ளை. மாதிரிய யாராவது விப்பாங்களா?"

"உங்க தங்கச்சிக்கு உங்கள விட்டா பொறந்த வீடுன்னு வேற யாரு இருக்கா" என்று மட்டும் சொன்னான். போய்விட்டான். மறுநாள் நீங்கள் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். முத்திரை அவனுடையது, உங்களைக் குறை சொல்ல முடியாது. அவனும் வாய் திறக்கவில்லை. நானும் குறுக்கே பேசவில்லை, மரியாதை கருதி.

நேற்று தங்கை வந்தாள். "ஒத்துக்கிட்டா பத்து வருஷம்னு சொன்னாங்களாம்ணே. இவரு சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டாரு" என்று அழுதாள். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை, ஐயா. பத்து என்பது நீங்கள் வாயில் வந்தபடி சொன்ன முதல் விலை. அதற்கு அப்படியே தலையாட்டுகிற ஆளை நம்பி என் தங்கையைக் கொடுத்திருக்கிறேன். இரவெல்லாம் தூக்கமில்லை. அதனால்தான் நானே வந்தேன்.

சரக்கை மாற்றியது நான். சீட்டை ஒட்டச் சொன்னது நான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அதற்காக அவனை முழுசாக வெளியே விடச் சொல்லவில்லை. எனக்கும் நியாயம் தெரியும். பத்தை ஆறாக்குங்கள். ஆளுக்கு மூன்று. வீட்டு மாப்பிள்ளை, ஐயா. அவனுக்கென்று ஒரு பங்கு வைக்காமல் நான் எதையும் தனியாக அனுபவித்ததில்லை.