வெயிலடிச்சா திறக்கும்

— ஜெயஸ்ரீ, மறுபடியும் கேக்கறேன்னு கோச்சிக்காத. நெட்டுல தெரியற என் பேஜு இப்ப எங்கதான் இருக்குது?

— உங்க தலைக்கு மேலதான் கொளஞ்சியக்கா. மாடியில, அந்த டப்பாவுக்குள்ள.

— டப்பாவுல தீப்பெட்டியாட்டம் ஒரு அட்டையத்தான வச்ச?

— அதான் கம்ப்யூட்டரு. பக்கத்துல பேட்டரி, மேல சோலார் தகடு. தகடு வெயில வாங்கி பேட்டரிக்குக் குடுக்கும், பேட்டரி அட்டைக்குக் குடுக்கும். யாராச்சும் உங்க பேஜக் கேட்டா, அட்டை எடுத்து அனுப்பும்.

— மேகம் மூடிக்கிச்சுன்னா?

— ரெண்டு நாளு தாங்கும். அப்புறம் நின்னுடும். வெயில் வந்தா தானா எழுந்துக்கும்.

— என் தம்பி பாக்கற நேரமாப் பாத்து நின்னுட்டா?

— மறுநாளு பாப்பாரு. விருத்தாசலத்துல வெயிலுக்கா பஞ்சம்?

— எனக்கு ஒண்ணும் புரியல. ஊருல எல்லாரும் வாட்சப்புல அனுப்பிட்டு வேலையப் பாக்கறாங்க. நான் மட்டும் மாடிக்கும் வாசலுக்கும் ஏறி எறங்கிக்கிட்டு இருக்கறேன்.

— உங்க தம்பி தமிழ்செல்வன் அண்ணன் உங்க நம்பர பிளாக் பண்ணிட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க? இதுன்னா, பாத்தேன்னு அவரு யாருகிட்டயும் சொல்ல வேண்டியதில்ல. அவரு வீம்பும் கெடாது. வெளிநாட்டுல அவரு வேலை செய்யற பாலைவனத்துல டவரும் சரியா இல்லையாம். பேஜு இத்துனூண்டு இருந்தாத்தான் திறக்கும்.

— அவன் கேட்ட பொண்ண நான் வாணாம்னேன். ரெண்டு வருசமா அதே கோவம்.

— சரி, இங்க பாருங்க. நேத்து நீங்க அடிச்சது. எல்லா எழுத்தும் ஏன் பெருசு பெருசா வந்திருக்குது?

— கரண்டு ஜாஸ்தியா வந்துட்டுதா?

— இல்லக்கா. தலைப்புக்கு முன்னாடி ஒரு குறி போட்டீங்க. முடிஞ்ச எடத்துல மூடுற குறி போடல. அதுக்கு எங்க நிறுத்தறதுன்னு தெரியல.

— பொம்மை அச்ச மூடாம களிமண்ணு ஊத்துனா வெளிய ஒழுவுமே, அப்படியா?

— அதேதான்.

— அத மொதல்லயே சொல்லியிருந்தா நாலு நாளு ஆயிருக்காதே. இந்த போட்டோ ஏன் அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியா இருக்குது? வூடுன்னே தெரியல.

— புள்ளியாக்குனாத்தான் வெயிட்டு கம்மி. பொறந்து வளந்த வூடு, அவருக்குத் தெரியாதா?

— தெரியும், தெரியும். வாசல்ல முருங்கைய வெட்டிட்டோம்னு வூடு பேஜுல எழுதியிருக்கறேன். செராமிக்கு கம்பெனியில இப்ப நான் பொம்மைக்குக் கண்ணு வரையறேன்னு சூளை பேஜுல எழுதியிருக்கறேன். வேற என்னா எழுதறதுன்னு தெரியல. அவன் பாத்தானா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?

— எந்தப் பேஜ எத்தினி மணிக்குக் கேட்டாங்கன்னு டப்பா ஒவ்வொரு வரியா எழுதி வச்சிக்கும். இருங்க, திறக்கறேன்.

— நம்ம ஊரு நந்தகுமாரு லீவு முடிஞ்சு அங்க திரும்பிப் போறப்ப பேஜு அட்ரஸ சீட்டுல எழுதிக் குடுத்தேன். தம்பி அவன்கூடத்தான் தங்கியிருக்கறான். குடுத்தானோ, தொலைச்சானோ.

— குடுத்திருக்காருக்கா. இதோ, அந்த நாட்டுலேர்ந்து வந்திருக்குது. நேத்து மத்தியானம். வூடு பேஜு மூணு தடவ.

— மூணு தடவையா?

— சூளை பேஜு ரெண்டு தடவ. அப்புறம்... அக்கா, நாம எழுதாத பேஜு ஒண்ணு கேட்டிருக்காரு. அட்ரஸுல வூடுன்னு இருந்த எடத்துல அவரே வேற பேரு மாத்தி அடிச்சிருக்காரு.

— என்னான்னு?

— அம்மான்னு.

— ஐயோ.

— அக்கா, உக்காருங்க. தண்ணி குடிங்க.

— நாந்தான் எழுதல. அம்மா கண்ண மூடி நாலு மாசமாவுது, எழுதி எழுதி அழிச்சிக்கிட்டே இருக்கறேன். அன்னிக்கு அவனுக்கு முப்பது தடவ போன் அடிச்சேன், போவவே இல்ல. நந்தகுமாருகிட்டயும், நீ சொல்லாத, நானே சொல்லிக்கறேன்னுட்டேன். ஜெயஸ்ரீ, இல்லாத பேஜக் கேட்டா டப்பா என்னா பண்ணும்? சும்மா இருந்துடும் இல்ல?

— சும்மா இருக்காதுக்கா. கேட்ட பேரப் போட்டு, பக்கத்துல இல்லைன்னு காட்டும். நாந்தான் அப்படி எழுதி வச்சேன்.

— அம்மா இல்லைன்னா காட்டியிருக்கும்?

— ஆமாக்கா.

— பேஜுதான் இல்லன்னு நெனச்சிருப்பான். வேற எப்படி நெனைப்பான்? நீயே சொல்லு, பேஜுதான இல்ல?

— அதுக்கப்புறம் நாலு நிமிசம் கழிச்சு அட்ரஸுல அதே எடத்துல இன்னொண்ணு அடிச்சிருக்காரு. அதுதான் கடைசி வரி. எப்போன்னு கேட்டிருக்காருக்கா.