பின்விளக்கு இல்லாத வண்டி

— சிரிக்காதடா ஹாய்ட், அந்தம்மா நெசமாவே கேட்டாங்க. உன் வண்டி மேல பேர் எழுதியிருக்கே பிஸ்கட் கம்பெனி, அந்த முதலாளியோட சம்சாரம். "இம்புட்டுக் காசைக் கொட்டி வண்டி கட்டுறீங்க, பின்னாடி ரெண்டு பிரேக் லைட் வெக்கக் காசில்லையா?"ன்னாங்க.

— நீ என்னக்கா சொன்ன?

— சனம் உக்கார்ற மாடத்துக் கூரை மேல நான் நிக்கிறேன், முன்னாடி பின்னாடி எல்லாத்தையும் பாத்து என் தம்பிக்கு ரேடியோவுல சொல்லிடுவேன், அது போதும்னேன்.

— அது ஒரு பதிலா? நான் சொல்றேன், பாத்துக்க. முப்பது வண்டி மூக்கும் வாலும் ஒட்டிக்கிட்டுப் பறக்குறோம். ஒருத்தன் முதுகுல செவப்பா மின்னுனா, பின்னாடி வர்றவன் காலு தன்னால தூக்கும். அவனை அடுத்தவன் இடிப்பான். அப்புறம் கூட்டி அள்ள வேண்டியதுதான். இந்த அலபாமா பந்தயப் பாதையில பிரேக்கைத் தொடுறவன் எவனும் கிடையாது, பாத்துக்க.

— சரி சரி, மெல்லவே சுத்து. மஞ்சக் கொடி இன்னும் இருக்கு. ரெண்டாம் வளைவுல சிந்துன ஆயிலைத் துடைக்கிறாங்க.

— நடீன் தாயே, அந்தம்மாவுக்கு நானும் ஒரு பதில் சொல்லட்டுமா?

— உங்களை யாரு கேட்டா, வெண்டல்? நீங்க உங்க ரேடியோவுல, வண்டி ஓட்டுற உங்க புள்ளகிட்டப் பேசுங்க.

— ஜேரட் உனக்கும் புள்ளதான் தாயே. உன் தம்பி பேசுறது எனக்கும் கேக்குது. கீழ உக்காந்திருக்கிற சனமெல்லாம் காதுல மாட்டிக்கிட்டு அதைத்தான் கேக்குது. லைட் வெச்சா ஸ்விட்ச் வெக்கணும். ஸ்விட்ச் இருந்தா உன் தம்பி பிரேக்கைத் தொடாமலே அதைப் போட்டுப் போட்டு அணைப்பான். பின்னால வர்றவன் பயந்து காலை எடுப்பான், இவன் கம்பி நீட்டிடுவான். அதுக்குத்தான் வெக்கல.

— அக்கா, அத்தான் பக்கத்துலயா இருக்காரு? என்ன சொல்றாரு?

— உன்னைப் புகழுறாரு.

— வணக்கம் சொல்லு.

— பிரிஞ்சு ஆறு வருசமாச்சு, இன்னும் அவரு உனக்கு அத்தானாக்கும்.

— நீதானக்கா அவரை விட்ட. நானா விட்டேன்?

— போன வருசம் இதே எடத்துல "டயரு போச்சு"ன்னு அவன் சன்னல் வழியா கையை நீட்டுனதை அவன்கிட்ட ஞாபகப்படுத்து தாயே. நானும் நம்பி, விலகுடான்னு ஜேரட்டுக்குச் சொன்னேன். போட்டி முடிஞ்சு போய்ப் பாத்தா நாலு டயரும் குத்துக்கல்லாட்டம் இருக்கு. அன்னைக்கு நீயும் அவன்கூட சேந்து சிரிச்ச.

— சிரிச்சேன். இப்ப என்ன அதுக்கு? ஓட்டுறவங்க ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்துறது புதுசா?

— புதுசில்ல. அதனால, இனிமே அவன் வீடு தீப்பிடிச்சுதுன்னு சொன்னாலும் நான் நேர்ல போய்ச் சூடு பாத்துட்டுத்தான் நம்புவேன்.

— அக்கா, இன்னும் எத்தனை சுத்து?

— பச்சைக் கொடி விழுந்தா ரெண்டே சுத்து. நீ முதல்ல, உன் பின்னாடி ஜேரட். ஒட்டித் தள்ளுனா ரெண்டு வண்டிக்கும் வேகம் கூடும், அவன் உன்னைத் தள்ளுவான்னு காலையிலயே பேசி வெச்சிருக்கோம்.

— கடைசி வளைவு வரைக்கும் தள்ளுவான். அப்புறம்?

— அப்புறம் அவனவன் பாடு.

— அப்ப ஒதுங்கி என்னைத் தாண்டிப் போயிடுவான். முன்னாடி போறவன் காத்தைக் கிழிச்சுக் குடுப்பான், பின்னாடி இருக்கிறவனுக்குத்தான் எப்பவும் அந்த வேகம் கிடைக்கும், பாத்துக்க. உனக்கே தெரியும்.

— தெரியும்டா.

— எனக்கு நாப்பத்தேழு ஆச்சுக்கா. ஜெயிச்சு ஒம்போது வருசமாச்சு. இன்னைக்கும் இல்லேன்னா அடுத்த வருசம் வண்டி கிடையாதுன்னு முதலாளி முகத்துக்கு நேராச் சொல்லிட்டாரு. வேற என்ன தெரியும் எனக்கு? நம்ம ஊர் பஞ்சாலையும் மூடியாச்சு.

— அதை ரேடியோவுல சொல்லாத, ஊரே கேக்குது.

— கேக்கட்டும். மருமகனுக்கு இருபத்திரெண்டு வயசு. அவனுக்கு இன்னும் எத்தனையோ ஞாயித்துக்கிழமை இருக்கு.

— ஹாய்ட், என்னை இதுல இழுக்காத. நீ ஜெயிச்சா என் புள்ள தோக்கணும், அவன் ஜெயிச்சா நீ தோக்கணும். ரெண்டு பேரும் முழுசா வீடு வந்து சேரணும்னுதான் காலையில கர்த்தர்கிட்டக் கேட்டேன். அதுக்கு மேல எதுவும் கேக்கல.

— சரிக்கா.

— பெல்ட்டை இறுக்கு. முன்னாடி போற வழிகாட்டி வண்டியில விளக்கு அணைஞ்சாச்சு, கொடி வரப்போகுது. கீழ இருக்கிற நம்ம மெக்கானிக்குங்க பெட்ரோல் ரெண்டு சுத்துக்குத் தாராளமாப் போதும்கிறாங்க. பச்சை! பச்சை! போ, போ, போ!

— ஜேரட், ஒட்டிக்கோ. மாமாவை விடாதே.

— ஜேரட் ஒட்டிட்டான் ஹாய்ட், தள்ளுறான். இடது பக்கம் ஆள். இன்னும் ஆள். வலது பக்கம் ஏறாத, செவுரு. அப்படியே இரு. இடது பக்கம் ஒரு வரிசையே வருது.

— பாக்குறேன்.

— அழகு! அப்படியே பிடி. வெள்ளைக் கொடி, கடைசிச் சுத்து. நீதான் முதல்ல.

— அக்கா.

— சொல்லு.

— முள்ளு ஆடுது.

— என்ன முள்ளு?

— பெட்ரோல் முள்ளு. கீழ எறங்குது. கணக்குத் தப்புக்கா. எஞ்சின் இருமுது.

— கர்த்தரே! இடது பக்கம் எறங்கிடு.

— எப்படி எறங்குறது? நீதான சொன்ன, வரிசையே நிக்குதுன்னு. வலது பக்கம் செவுரு. கையை நீட்டலாம்னா, அவன் மூக்கு என் முதுகுல ஒட்டியிருக்கு, என் சன்னல் அவன் கண்ணுக்கே தெரியாது. எஞ்சின் நின்னுச்சுன்னா அவன் எனக்குள்ள ஏறிடுவான்க்கா. என்னைத் தள்ளிக்கிட்டே செவுத்துல அடிப்பான். அத்தான்கிட்டச் சொல்லு. அவனைக் காலை எடுக்கச் சொல்லு. சீக்கிரம்!

— வெண்டல், ஜேரட்டைக் காலை எடுக்கச் சொல்லுங்க. ஹாய்ட்டுக்கு பெட்ரோல் தீந்துபோச்சு.

— ஆகா. போன வருசம் டயரு, இந்த வருசம் பெட்ரோலா?

— விளையாட்டில்ல வெண்டல்!

— அவன் சொன்னதை நானும்தான் கேட்டேன். ஊரு கேக்க ரேடியோவுல சொல்றான் பாரு, அப்பவே தெரியல? ஜேரட், தள்ளிக்கிட்டே இரு, எதையும் காதுல வாங்காத.

— ஏங்க!

— என்ன சொன்ன?

— ஏங்க, இந்த ஒரு தடவை நம்புங்க. போன வருசம் செஞ்சது தப்பு. அதுக்குப் பந்தயம் முடிஞ்சு என்னை என்ன வேணும்னாலும் கேளுங்க. இது நெசங்க. எஞ்சின் நின்னா நம்ம புள்ள அவன் மேல ஏறுவாங்க. பின்னாடி அத்தனை வண்டியும் நம்ம புள்ள மேல ஏறுங்க. உங்க கால்ல விழறேன்.

— நடீன்...

— எத்தனையோ பொய் சொல்லியிருக்கேன் உங்ககிட்ட. புள்ள விசயத்துல ஒண்ணாவது சொல்லியிருக்கேனா? சொல்லுங்க!

— இல்ல.

— அப்ப சொல்லுங்க அவன்கிட்ட!

— ஜேரட்! காலை எடு! காலை எடுடா, மாமாவுக்கு பெட்ரோல் இல்ல! நெசம்தான், எடு!

— எடுத்துட்டான். ஹாய்ட், எடுத்துட்டான், உன்னை விட்டு விலகிட்டான். ஏங்க, அவனுக்குப் பின்னாடி வர்ற அந்தச் செவப்பு வண்டிக்கு யாருங்க சொன்னா?

— அவனுக்கு ரேடியோவுல சொல்ற ஆளு எங்க? அந்த மூலையில நிக்கிறானே. டேய்! டேய், இங்க பாரு! உன் வண்டியை நிறுத்தச் சொல்லு!

— காதுல மாட்டியிருக்கான், கேக்காது! ஐயோ! இடிச்சுட்டான்! இடிச்சுட்டான்!

— ஜேரட்! ஜேரட்!

— உருளுது. ஏங்க, உருளுதுங்க. நிக்க மாட்டேங்குதே. கர்த்தரே, நிறுத்து, நிறுத்து.

— அக்கா, என்ன ஆச்சு? கண்ணாடியில வெறும் புகைதான் தெரியுது. கோட்டைத் தாண்டிட்டேன்க்கா! ஜெயிச்சுட்டேன்! அக்கா?

— நின்னுடுச்சு. பள்ளத்துல கவுந்து கெடக்கு. இன்னொரு வண்டி, அதுக்கு மேல இன்னொண்ணு. எல்லாம் அவன் மேலதான் வந்து விழணுமா?

— ஜேரட், அப்பா பேசுறேன். பதில் சொல்றா. பொத்தானை அமுக்குடா சாமி.

— சன்னல் வலை எறங்குதா பாருங்க. உசுரோட இருந்தா அவனே வலையை அவுத்து விடுவான். உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும், பாருங்க.

— இல்ல. இன்னும் எறங்கல.

— நல்லாப் பாருங்க!

— எறங்கல நடீன். இங்க நின்னு என்ன செய்ய? நான் கீழ போறேன்.

— அம்புட்டுப் படி எறங்கி, வேலி தாண்டி, எப்பப் போய்ச் சேருவீங்க? என்னை இங்க தனியா விட்டுட்டுப் போகாதீங்க. நாம இங்கருந்து பேசத்தான முடியும்? பேசுங்க அவன்கிட்ட.

— பேசிக்கிட்டுத்தான இருக்கேன். ஜேரட், அம்மா பக்கத்துல நிக்கிறா. அம்மாவும் அப்பாவும் ஒண்ணா நிக்கிறோம்டா. ஒரு சத்தம் குடு.

— அக்கா, யாருக்கு என்ன? சொல்லேன்க்கா.

— ஜேரட்டுடா. நீ சொன்னபடி காலை எடுத்தான். பின்னாடி வந்தவனுக்குத் தெரியல. தூக்கி அடிச்சுட்டான்.



— நடீன், வலை! வலை ஆடுது! கையி! அவன் கையி! எறக்கிட்டான்!

— எறக்கிட்டானா? எறக்கிட்டான்! கர்த்தரே, உனக்குக் கோடி ஸ்தோத்திரம். ஏங்க, அழாதீங்க, உசுரு இருக்கு. ஆனா ஏன் கூரையை அறுக்குறாங்க?

— காலு மாட்டியிருக்கும். அறுத்துத்தான் எடுக்கணும். நான் போறேன். நீ பின்னாலயே வா.

— போங்க, நான் ஹாய்ட்டுகிட்டச் சொல்லிட்டு வந்துடறேன். ஹாய்ட், கேக்குதா? வலையை எறக்கிட்டான்டா. காலு ஒடைஞ்சிருக்கும் போல, ஆனா உசுரு இருக்கு.

— கேக்குதுக்கா.

— நல்லவேளை நீ முன்னாடியே சொன்ன. அவன் ஒட்டிக்கிட்டு இருக்கும்போது உன் எஞ்சின் நின்னிருந்தா ரெண்டு பேரையும் மூட்டை கட்டித்தான் எடுத்திருக்கணும். உனக்கு நான் நன்றி சொல்லணும்டா. எங்க நிக்கிற? பெட்ரோல் இல்லாம எப்படி வருவ? இழுவை வண்டியை அனுப்பச் சொல்றேன்.

— வேணாம்க்கா.

— ஏன் வேணாம்? ஹாய்ட், அது என்ன சத்தம்? உன் எஞ்சினா?

— ஆமாக்கா.

— இன்னும் ஓடுதா?

— ஓடுது.

— பெட்ரோல் இல்லேன்னியேடா.

— அக்கா...

— சொல்லு ஹாய்ட்.

— உன்கிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா, நீ அத்தான்கிட்ட அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டியேக்கா.