காது நிமிர்ந்த படம்

— இதுலயும் குதிரைதான் நிக்குது தம்பி. எங்க வீட்டுக்காரரு எங்க?

— இந்தக் கயிறு முடியிற எடத்துல இருக்காருக்கா. கை மட்டும் தெரியுது பாருங்க.

— கைக்கா மால போடுறது? நாளைக்குக் கருமாதி.

— ஐ.சி. அடையாளக் கார்டுல படம் இருக்கும்லா?

— பெருசாக்கிப் பாத்தாச்சு. கஞ்சி மாதிரி கலங்கிப் போச்சு. அவரு போன்லயும் பூரா குதிரைதான். புக்கிட் பெலண்டோக்குல குதிரைப் போட்டி நடந்தா ஹேமநாதன்தான் படம் புடிப்பான், அவன்கிட்ட இருக்கும்னு அவரு குதிரை பாத்துக்கிட்ட லாயத்து மேஸ்திரி, அந்த மண்டோர் சொன்னாரு. அதான் உங்களத் தேடி பாரோய் வரைக்கும் பஸ் ஏறி வந்தேன்.

— கப்பு வாங்குற படத்துல குதிரை, ஓட்டுன பிள்ளை, அப்பா அம்மா, அவ்வளவுதான் இருக்கணும்பாங்க. 'முனியாண்டி அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க'ன்னு நான்தான் சொல்லுவேன்.

— தள்ளிடுவாரா?

— பாதிநேரம் சொல்றதுக்கு முன்னாடியே தள்ளிடுவாரு.

— வீட்டுலயும் அப்படித்தான். சோத்தப் போட்டா தட்ட எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிருவாரு. நான் டிவி பாப்பேன்.

— அக்கா, அழுகை வந்தா அழுதுருங்க.

— வரல தம்பி. ஆஸ்பத்திரியில துணிய வெலக்கிக் காட்டுனப்பவும் வரல. மரத்துப் போச்சு. அடுத்தத காட்டுங்க. இது என்னா?

— இது... அன்னைக்குக் காலையில எடுத்தது. பிந்தாங்.

— அவர ஒதச்ச குதிரையா?

— ஆமாக்கா. சாயங்காலம் லோரில ஏத்துறப்ப இடி இடிச்சிச்சு, மெரண்டுருச்சு. வேணாம், மூடிர்றேன்.

— இருக்கட்டும். ஏன் காத இப்படித் தூக்கிக்கிட்டு நிக்குது?

— காது நிமிர்ந்தாதான்க்கா படம் எடுப்பா இருக்கும். அதுக்கு என் முதுகுக்குப் பின்னால ஒருத்தர் நின்னு வாளியத் தட்டணும், பேரச் சொல்லிக் கூப்புடணும். அண்ணன்தான் நிப்பாரு. வேற யாரு கூப்ட்டாலும் இது அசையாது.

— அப்ப இது உங்களப் பாக்கல.

— இல்ல. அண்ணனத்தான் பாக்குது. என்கிட்ட இருக்குற எல்லாக் குதிரையும் அவரத்தான் பாக்குது. அவரு மூஞ்சிதான் ஒண்ணுலயும் இல்ல. மன்னிச்சிருங்கக்கா.

— இதையே பெருசாப் போட்டுக் குடுங்க.

— அக்கா, அவரு உசுர எடுத்த குதிரை. அதுக்கா மால போடப் போறீங்க? நாலு பேரு என்னா சொல்லுவாங்க?

— நாலு பேரு வருவாங்க, வடை பாயாசத்தோட சாப்ட்டுப் போவாங்க. நீங்க போடுங்க.

— ஒங்களுக்கு இது மேல கோவமே இல்லியா?

— அந்தக் கண்ணப் பாருங்க தம்பி. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நான் அவர ஒருநாளும் இப்படிப் பாத்ததில்ல.