முன் இருக்கை

அம்புலன்சின் முன் இருக்கை நான் நினைத்திருந்ததைவிட வசதியானது. கண்ணாடி அகலம்; பாதை முழுவதும் தெரியும். குளிரூட்டி முகத்துக்கு நேரே வீசும். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. அதில் கையகலத்தில் ஒரு சின்னக் கண்ணாடி. இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். என் தம்பி லயனலை மனநல விடுதிக்கு ஏற்றிக்கொண்டு போன அன்று நான் அந்த இருக்கையில்தான் இருந்தேன்.

நினைவில் உள்ளபடி எழுதுகிறேன். எழுத்து எனக்குப் புதிதில்லை. எங்கள் கோயில் பங்கில் யார் இறந்தாலும் நினைவு மலருக்கு என்னிடம்தான் கேட்பார்கள். லயனலுக்கும் நானே எழுதினேன். வாசித்தவர்கள் அழுதார்கள்.

லயனல் கெட்டவன் இல்லை. கடலோரக் குருநகரில் எங்கள் இருவருக்கும் ஒரே வள்ளம், ஒரே வீடு. சுகமாக இருக்கும்போது கோயில் பாடகர் குழுவில் பாடுவான். கிழிந்த வலை பொத்திக்கொண்டே பாடுவான். மனநோய் வருத்தம் வந்தால் யாரோ எங்களைப் பிடிக்க வருகிறார்கள் என்பான். எங்களைக் காப்பாற்ற வீட்டைப் பூட்டுவான். யன்னல்களுக்குக் குறுக்கே துடுப்புகளை வைத்து ஆணி அடிப்பான். பூட்டின் திறப்பைச் சிலுவைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கதவடியில் இருந்துவிடுவான். நானும் மனைவி நிமலினியும் உள்ளே. அவன் எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. சோறு குறைந்தால் தன் பங்கையும் எங்கள் கோப்பையில் போடுவான். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் பூட்டிய வீட்டுக்குள் பல வருடம் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பூட்டியவன் அன்பாகப் பூட்டினானா என்ற கேள்வி நாளாக நாளாக நின்றுபோகும்.

அன்று நிமலினி குசினிக்குள் இருந்து போன் எடுத்து, கரையில் உள்ள நலன்புரிச் சங்கத்தின் அம்புலன்சைக் கூப்பிட்டாள். அயலவர்கள் கதவை உடைத்தார்கள். அதற்குப் பிறகு லயனல் ஒரு குழப்பமும் செய்யவில்லை. ஆட்களைக் கண்டதும் சுவரோடு ஒட்டி நின்று நடுங்கினான்.

வந்தவர்கள் இரண்டு பேர். சாரதி கதிரவேலு, வயதானவர். உதவியாளன் அருட்செல்வன், சண்டிலிப்பாய்ப் பெடியன், கடல் தெரியாத தோட்டக்காரக் குடும்பம். வேலையில் கவனமானவன். இப்படியான நோயாளியை ஏற்றும்போது பின்பக்கத்தில் கூரான சாமான் எதுவும் இருக்கக்கூடாதாம். கத்தரிக்கோல், ஊசி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு முன்பக்கம் கொண்டுவந்து வைத்தான். பிறகு லயனலின் தோளைத் தொட்டு, "வாங்கோ அண்ணை, நானும் உங்களோடைதான் வாறன்" என்றான். லயனல் தானாகவே நடந்து போய்ப் படுத்தான்.

நான் நங்கூரக் கயிற்றோடு போனேன்.

"கட்டக்கூடாது அண்ணை," என்றான் அருட்செல்வன். "டொக்டர் சொல்லாமல் கட்டினா நாளைக்குப் பதில் சொல்லுறது நாங்கள். பெல்ட் போட்டாலே காணும்."

"தம்பி, உமக்கு உவனைத் தெரியாது. போன முறை பெல்ட்டைக் கழட்டிப்போட்டு ஓடுற வானிலை இருந்து குதிச்சவன்."

அவன் யோசித்தான். குதித்தாலும் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான். கட்டினாலும் குற்றம், கட்டாமல் விட்டாலும் குற்றம். அவன் முகத்தில் அது தெரிந்தது. கடைசியில் விலகி நின்றான். என் வயது, என் தம்பி, என் வீடு. வேறென்ன செய்வான்.

லயனல் எந்த வாகனத்திலிருந்தும் குதித்ததில்லை.

குப்புறப் படுக்க வைத்து, கைகளைப் பின்னால் சேர்த்து, கயிற்றை முதுகுக்கு மேலால் எடுத்துப் படுக்கையின் கம்பியில் கட்டினேன். காற்று நாட்களில் வள்ளத்தைக் கட்டையில் கட்டுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். அவிழ்ப்பதென்றால் இழுக்கக்கூடாது, வால் நுனியைத் திருப்பி உள்ளே தள்ள வேண்டும். எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கதிரவேலு எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஆளைக் கட்டச் சொன்னா அண்ணை வள்ளத்தையெல்லோ கட்டியிருக்கிறார்."

"முன்னுக்குப் போகாதை அண்ணை," என்றான் லயனல். முகம் மெத்தையில் பதிந்திருந்ததால் குரல் தெளிவாக வரவில்லை. "என்னோடை இரு."

நான் முன்னால் ஏறினேன். கத்தரிக்கோல் பெட்டி என் காலடியில் இருந்தது.

விடுதி வாசலில் இறக்கும்போது லயனலுக்கு உயிர் இல்லை; வழக்கு அருட்செல்வன் மேல். பாதையில் சுன்னாகம் தாண்டிய பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் நீதிமன்றம் கேட்டது. அருட்செல்வன் சொன்னது இது: நோயாளி மூச்சுக்குத் திணறினார். புரட்டிப் படுக்க வைக்கப் பார்த்தேன், கட்டு விடவில்லை. அவிழ்க்க இழுத்தேன், இறுகியது. சின்னக் கண்ணாடியில் தட்டிக் கத்தரிக்கோல் கேட்டேன். யாரும் திரும்பவில்லை. முன்பக்கம் நோயாளியின் தமையன் இருந்தார். கட்டியதும் அவர்தான்.

கதிரவேலு தட்டல் எதுவும் கேட்கவில்லை என்றார், சைரன் போட்டிருந்ததாம். கட்டும்போது தான் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்ததாம். அவரைப் பிழை சொல்ல மாட்டேன். கேட்டது என்று சொன்னால், கேட்டும் ஏன் நிறுத்தவில்லை என்பது அடுத்த கேள்வி. அவருக்கு ஓய்வுக்குக் கொஞ்சக் காலம்தான் இருந்தது.

நீதவான் என்னைப் பார்த்து மெல்லப் பேசினார். தம்பியை இழந்தவன் அல்லவா. கட்டியது யார் என்று கேட்டார். நான் பிடித்துத்தான் கொடுத்தேன் என்றேன். கயிறு எங்கள் வீட்டுக் கயிறாயிற்றே என்றார் அருட்செல்வனின் சட்டத்தரணி. கேட்டார்கள், கொடுத்தேன் என்றேன். தட்டிய சத்தம் கேட்டதா? இல்லை ஐயா. விடுதி வாசலில் வெட்டியெடுத்த கயிற்றுத் துண்டுகளைக் காட்டினார்கள். ஒரு துண்டில் முடிச்சு அப்படியே இருந்தது. கச்சேரியடி நீதிமன்ற ஆட்களுக்கு அது வெறும் முடிச்சு. எங்கள் கரை ஆள் ஒருவர் அன்று அங்கே இருந்திருந்தால், கட்டியவன் சண்டிலிப்பாயான் இல்லை என்று தூர நின்றே சொல்லியிருப்பார். நான் யாரையும் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். துக்கத்தைக் கூட்டமாகச் சுமக்க எனக்கு விருப்பமில்லை.

வண்டியில் ஏற்றிய கணத்திலிருந்து நோயாளியின் உயிருக்குப் பொறுப்பு கூட நிற்கிறவன்தான் என்று அரச சட்டத்தரணி சொன்னார். அந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது.

பிறகு ஒருநாள் அருட்செல்வனின் மனைவி தனுசியா வீட்டுக்கு வந்தாள். வயிற்றில் பிள்ளை. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அண்ணை, இவர் கட்டேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு சொல்லு சொல்லுங்கோ. அவர் உங்கடை தம்பிக்குப் பக்கத்திலை இருந்து அழுதுகொண்டு வந்தவர்."

அழுதது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சொல்லோடு நிற்காதே. கட்டியது நான் என்றால் ஏன் பொய் சொன்னாய் என்பார்கள். ஏன் முன்னால் ஏறினாய் என்பார்கள். வலையில் ஒரு கண் அறுந்தால் அடுத்த கண் தானாக விடும். கடவுள் இருக்கிறார் பிள்ளை என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த தவணையில் தீர்ப்பு. தண்டனை கிடைத்து மறியலுக்குப் போவான் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அவனுக்காகத் தினமும் ஒரு செபமாலை சொல்கிறேன்.

நிமலினி அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். கதவு உடைத்த அன்று அவள் முற்றத்தில் நின்றவள். எல்லாம் பார்த்தவள். என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இப்போதெல்லாம் தன் அறையை உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டு படுக்கிறாள். பழைய பயம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

இனி மிச்சத்தையும் எழுதுகிறேன்.

சைரன் போடவில்லை. போட்டால் அவன் குழம்புவான் என்று நான்தான் வேண்டாமென்றேன். முதல் தட்டலே எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி கொஞ்சம் திறந்திருந்தது. அருட்செல்வனின் முகம் அதில் இருந்தது. "அண்ணை, கத்தரிக்கோல். உந்த முடிச்சு அவிழுதில்லை, ஆள் நீலிக்குது."

வாலைத் தள்ளு என்று சொல்ல இரண்டு சொல் போதும். பெட்டியை எடுக்கக் குனிந்தால் போதும். அந்த நேரத்தில் நான் எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். யன்னலெல்லாம் திறந்து கிடந்தது. காற்று வந்தது. கதவில் திறப்பு இருந்தது, உள்பக்கமாக. அப்படி ஒரு வீட்டை நான் கனகாலம் நினைத்துப் பார்த்ததில்லை.

"என்னவாம்?" என்றார் கதிரவேலு, பாதையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"லயனல்தான் உதைக்கிறான். நிப்பாட்டினா இறங்கி ஓடிடுவான். நீங்கள் விடுங்கோ."

பின்னால் லயனல் என்னைக் கூப்பிட்டான். பெயரைச் சொல்லவில்லை, அண்ணை என்றுதான். பிறகு கூப்பிடவில்லை. அருட்செல்வன் மட்டும் விடுதி வாசல்வரை தட்டிக்கொண்டே வந்தான்.

நான் கண்ணாடியைத் தள்ளி மூடியது உண்மை. அதில் வேறு அர்த்தம் தேட வேண்டாம். வெளியே நல்ல வெயில். அது திறந்திருந்தால் முன்பக்கத்துக் குளிரெல்லாம் பின்னால் போய்விடும்.