மாதா தந்த மெட்டு

...களவுதான் பிள்ளை, வேறை என்ன பேர் அதுக்கு? நாங்கள் மாசக்கணக்காத் தொண்டை கிழியப் பழகின மாதா பாட்டு. கப்பலாலை இறங்கி வந்த யப்பான்காரர் என்னண்டு அதைப் பாடுவினம்? அதுவும் எங்களைவிடத் திறமா. இரும், பையை மடியிலை வையும். மொண்டெல்லோ பஸ் இப்பிடித்தான், கடல் குளிச்ச சனம் முழுக்க இதிலைதான் ஏறும். நீர் வன்னியே? ஓம், கதையிலை தெரியுது. நான் மன்னார். கிளறா எண்டு பலேர்மோத் தமிழ்க் கோயிலிலை கேட்டால் கைக்குழந்தையும் காட்டும். பாட்டுக்குழுவிலை முன்வரிசையிலை நிக்கிற ஆள். வாற ஞாயிற்றுக்கிழமையோடை அந்த இடம் போகுதோ தெரியாது... அதுதான் வயித்தெரிச்சல்.

விளங்கேல்லையே? சரி, முதலிலை இருந்து வாறன். எங்கடை குழுவுக்குத் தலைவர் றோபேட். கீபோட் வாசிப்பார். வாசிப்பார் எண்டால்... அவற்றை விரல் போற இடத்துக்குப் பாட்டு வரவேணும், அவ்வளவுதான். போன நத்தாருக்கு மனிசன் குழந்தை இயேசுவுக்கு ஒரு தாலாட்டுக் கட்டினார். மெட்டு என்ன தெரியுமே? சினிமாக் குத்துப்பாட்டு. நற்கருணை வாங்க நிண்ட பெடியள் வரிசையிலை நிண்டே ஆடத் துடங்கிட்டாங்கள். ஃபாதரும் முதலிலை கால் தட்டினவர், நான் கண்டனான். பிறகுதான் கோவம் வந்தது. இனிமேல் சினிமா மெட்டு ஒண்டும் கோயிலுக்குள்ளை வரப்படாது எண்டு சொல்லிப்போட்டார்.

எங்கடை சனத்துக்கு மெட்டு எண்டால் இரவல்தானே பிள்ளை. கலியாண வாழ்த்து, செத்தவீட்டுப் பாட்டு, அந்தோனியார் திருநாள், எல்லாத்துக்கும் சொல்லு எங்கடை, மெட்டு ஆற்றையோ. திடீரெண்டு சொந்தமாக் கட்டு எண்டால் எங்கை போறது? மடு மாதா திருநாள் கிட்டுது. றோபேட் கீபோட்டைப் பாக்கிறார், கீபோட் றோபேட்டைப் பாக்குது. அந்த நேரத்திலைதான் இந்தப் பாட்டு வந்தது. வந்தது எண்டால்... வந்தது. அதைப் பிறகு சொல்லுறன்.

எவ்வளவு வடிவான பாட்டுத் தெரியுமே. நாலு குரல். ஒண்டு மேலை போகும், ரெண்டு நடுவிலை அணைச்சுக்கொண்டு போகும், அடியிலை ஒரு கட்டைக்குரல் தும் தும் எண்டு நடக்கும். கட்டைக்குரலை றோபேட்டுக்குக் குடுத்தன்... குடுத்தினம். அந்தாளுக்குச் சொல்லே இல்லை, தும் மட்டுந்தான். அதையும் பிழை விட்டவர்.

திருநாளண்டு கால்சாத் தெருவுகளாலை மாதா சொரூபம் சுத்தி வருது. துறைமுகப் பக்கம் திரும்பினால், தொப்பியும் குடையுமா ஒரு கூட்டம், வயசான யப்பான் ஆக்கள், படம் எடுத்துக்கொண்டு நிக்கினம். நாங்கள் ரெண்டாம் அடிக்கு வாறம், அவையள் கமராவைக் கீழை இறக்கிப்போட்டு ஆளையாள் பாக்கினம். பிறகு ஒரு ஐயா தும் தும் எண்டு துடங்கினார். றோபேட் பிச்சை வாங்கவேணும். பிறகு எல்லாரும். கை காட்டி ஒரு ஆட்டம் வேறை. ஒருத்தர் கையிலை இல்லாத கிளாசைத் தூக்கி மாதாவுக்குக் காட்டுறார். சொரூபம் தூக்கின பெடியளுக்குச் சிரிப்பிலை தோள் குலுங்குது, மேலை மாதாவும் ஆடுறா.

அத்தோடை விட்டால் பறவாயில்லையே. என்ரை மகள் டிலக்ஷி, வாய் கூடினவள், ஓடிப்போய் அவையளின்ரை வழிகாட்டிப் பிள்ளையோடை இத்தாலியனிலை கதைச்சுப்போட்டு வந்து, ஃபாதருக்குப் பக்கத்திலை நிண்டு பலத்துச் சொல்லுறாள். அம்மா, இது யப்பானிலை பழைய பாட்டாம். நாலு பேர் கோட் சூட்டோடை பாடினதாம். துறைமுகத்துப் பாரிலை வேலை செய்யிற ஒருத்தி, கப்பலிலை போனவன் வருவான் எண்டு ஊத்தி ஊத்திக் குடிக்கிறாளாம். அங்கை குடிகாரர் எல்லாருக்கும் பாடமாம் எண்டு.

ஃபாதர் திரும்பினார். என்னைத்தான் பாத்தார். அவ்வளவு பேர் நிக்க ஏன் என்னைப் பாக்கவேணும்? ஏனெண்டால்... மடு மாதா கனவிலை வந்து இந்த மெட்டைத் தந்தவ எண்டு சொன்னது நான்தானே.

அப்பிடிப் பாக்காதையும் பிள்ளை. எங்காலை எடுத்தனீர் எங்காலை எடுத்தனீர் எண்டு றோபேட் குடைஞ்சால் என்ன செய்யிறது? கனவு எண்டால் ஒருத்தரும் மேலை கேக்கமாட்டினம். ஃபாதர் அதைப் பூசையிலையே அறிவிச்சுப்போட்டார். சனம் என்ரை கையைப் பிடிச்சுக் கொஞ்சத் துடங்கிட்டுது. ஒரு மனிசி மகனுக்குப் பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிற விசா, கெதியா வர, மாதாவிட்டை நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ எண்டு கேக்கிறா. எனக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறிட்டுதுதான்.

நான் வேலை செய்யிற வீட்டு இத்தாலிக் கிழவி, சிஞ்ஞோறா எண்டுதான் கூப்பிடுறது, அவவின்ரை செத்த மனிசன் கப்பல் கப்டன். யப்பானிலை இருந்து கொண்டுவந்த இசைத்தட்டுக் கிடக்கு. மட்டையிலை நாலு பேர், ஒரே கோட், ஒரே தலை இழுப்பு. அவவுக்குக் காது கேளாது, தட்டுச் சுத்துறதைப் பாத்துக்கொண்டு இருந்தால் காணும். நான் பக்கத்திலை நிண்டு அந்தச் செத்த மனிசன்ரை சேட்டுகளை அயன் பண்ணுவன். ஓம், கிழமைக்குக் கிழமை அயன் பண்ணி மாட்டச் சொல்லுவா. ஒரு நாள் மேல்குரல் நிண்டுபோய் மற்ற மூண்டும் மெல்ல இறங்குற இடத்திலை எனக்கு அழுகை வந்திட்டுது. ஒரு சொல் விளங்காது, ஆனால் கண்ணீர் சேட்டிலை விழுது. எனக்கு அழுகை வந்தால் நான் கொண்டுபோற இடம் மாதாதான். ஆருக்குத் தெரியப்போகுது எண்டும் நினைச்சன். பலேர்மோவிலை யப்பான் பாட்டுக் கேக்கிறது நானும் அந்தச் செவிட்டு மனிசியுந்தானே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கனவு மெய்யோ எண்டு நான் எல்லாருக்கும் முன்னாலை சொல்லட்டாம் எண்டு ஃபாதர் சொல்லிப்போட்டார். மெய் எண்டால் மாதா பாருக்குப் போறவ எண்டு ஆகிடும். பொய் எண்டால் முன்வரிசை போச்சு. உண்மையைச் சொல்லத்தான் வேணும் பிள்ளை. அதுதான் பஸ்ஸிலை காணுற ஆக்களுக்குச் சொல்லிப் பழகுறன். ஒவ்வொருமுறையும் யப்பான்காரர் களவெடுத்ததிலைதான் வாய் துடங்குது. உமக்குத்தான் இசைத்தட்டு வரைக்கும் வந்திருக்கிறன்...

என்ன எழும்பிட்டீர்? பிரான்காச்சோவுக்கு எண்டெல்லோ சொன்னனீர், அதுக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு. சரி, போம். கதவு நெரிக்கும், கவனம்.

அண்ணை, தமிழே? இதிலை இருங்கோ, சீற் காலி. உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும். நான் கோயிலிலை ஒரு பொய்... ஒரு பொய்...

கப்பலாலை வந்த யப்பான்காரர் எங்கடை மாதா பாட்டைக் களவெடுத்த கதை கேள்விப்பட்டனீங்களே?